வழிகளையும் இடங்களையும் குறித்து வைப்போம்

எங்கள் ஊர்களில் ஒருவருக்கு வழி சொல்லும்போது வீதியின் பெயரையோ வீட்டிலக்கத்தையோ நாம் முதலில் சொல்வதில்லை. "சந்தியிலை இறங்கி, வைரவர் கோயிலடியாலை திரும்பி, பெரிய புளிக்குப் பக்கத்து ஒழுங்கையிலை நாலாவது படலை" என்றுதான் சொல்லுவோம். ஆலடி, அரசடி, வேம்படி, புளியடி என்று யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதிலும் மரங்களே இடங்களுக்குப் பெயராகி நிற்கின்றன. மரம், கோயில், கிணறு, மதகு, படலை ஆகியவையே பரம்பரையாக எமக்கு வரைபடமாக இருந்து வந்தன.

யுத்தம் எம்மிடமிருந்து பறித்தவற்றுள் இந்த அடையாளங்களும் அடங்கும். பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. வேலிகள் அழிந்தன. ஒழுங்கைகள் பற்றைக்குள் மறைந்தன. இருபது, முப்பது வருடங்களின் பின் சொந்த ஊருக்குத் திரும்பிய பெண்கள் பலர், தமது வளவுக்குள்ளேயே நின்றுகொண்டு "எங்கடை காணி எது?" என்று கேட்ட நிலையை மீள்குடியேற்றப் பணியில் ஈடுபட்ட எவரும் கண்டிருப்பர்.

இன்று எம்மில் பெரும்பாலானோரின் கையில் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அதிலுள்ள வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறித்து வைக்கலாம். ஒரு வழியையும் சேமித்து வைக்கலாம். மரம் தறிபட்டாலும் அந்தக் குறி அழியாது. ஆனால் குறித்தவற்றை ஒழுங்காகப் பெயரிட்டு, வகைபிரித்து, எமது கையிலேயே வைத்திருந்தால்தான் அவை பயன் தரும். குடாநாட்டின் மூன்று திசைகளில் அமைந்த மூன்று பாதைகளின் ஊடாக இதனைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

வானத்திலிருந்து வரும் கணக்கு

ஜி.பி.எஸ் என்பது அமெரிக்க அரசு நடத்தும் செய்மதித் தொகுதி. நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இந்தச் செய்மதிகள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் நேரத்தைச் சொல்லும் சமிக்ஞையை அனுப்புகிறது. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால், அவை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு எமது தொலைபேசி தான் நிற்கும் இடத்தைக் கணித்துவிடும். பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே இது சாதாரண மக்களின் அன்றாடப் பாவனைக்கு ஏற்ற துல்லியத்தைப் பெற்றது.

இடத்தைக் கணிப்பதற்கு இணையமோ சிம் அட்டையோ தேவையில்லை. வரைபடத்தின் படத்தை இறக்குவதற்குத்தான் டேட்டா வேண்டும். ஆகவே வீட்டில் அல்லது அலுவலகத்தில் வைஃபை கிடைக்கும்போதே குடாநாட்டின் வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், சமிக்ஞைக் கோபுரம் எட்டாத கரையோரத்திலும் அது வேலை செய்யும். கூகிள் மப்பில் இவ்வாறு இறக்கி வைக்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மப் என்னும் பொது வரைபடத்தைப் பயன்படுத்தும் ஓர்கானிக் மப்ஸ், ஓஎஸ்எம்அண்ட் போன்ற செயலிகளிலும் இறக்கி வைக்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மப் 2004 இல் தொடங்கப்பட்டது. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தாமே வரைந்து சேர்க்கும் வரைபடம் அது.

தொலைபேசி ஓர் இடத்தை இரண்டு எண்களால் சொல்லும். முதலாவது அகலக்கோடு, இரண்டாவது நெடுங்கோடு. குடாநாட்டில் எங்கு நின்றாலும் முதல் எண் 9 இல் தொடங்கும். இரண்டாவது எண் 80 இல் தொடங்கும்; தீவுப்பகுதியிலும் வலிகாமம் மேற்கின் சில பகுதிகளிலும் 79 ஆக இருக்கும். யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 9.66, 80.02. பருத்தித்துறை ஏறத்தாழ 9.83, 80.23. எழுதும்போது எண்களை இடம் மாற்றிவிடக் கூடாது. 80 ஐ முதலிலும் 9 ஐப் பின்னாலும் எழுதினால் வரைபடம் எம்மை வடதுருவத்துக்கு அருகிலுள்ள பனிக்கடலுக்குக் கொண்டுபோய் விடும்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை எண்களை எழுதுகிறோம் என்பதும் முக்கியம். இரண்டு எண்கள் எழுதினால் அது ஒரு கிராமத்தைத்தான் காட்டும். நான்கு எண்கள் எழுதினால் சுமார் 11 மீட்டருக்குள் வரும். ஐந்து எண்கள் எழுதினால் ஒரு மீட்டர் அளவில் நிற்கும். ஒரு கிணற்றைக் குறிக்க ஐந்து எண்களையும் எழுதுவதே நல்லது.

புள்ளி, வழி, தடம்

இச்செயலிகளில் சேமிக்கக்கூடியவை மூன்று வகைப்படும். இவற்றை வேறுபடுத்தி அறிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

புள்ளி என்பது தனியொரு இடம். கிணறு, கோயில், பிரதேச செயலகம், மகளின் பாடசாலை என்பன புள்ளிகள். வழி என்பது நாம் போக நினைக்கும் பாதை. புள்ளிகளை வரிசையாகக் கோத்த மாலை போன்றது. யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம், எழுதுமட்டுவாள், முகமாலை, பளை, இயக்கச்சி, ஆனையிறவு என்று ஏ9 வீதியைச் சொன்னால் அது ஒரு வழி. தடம் என்பது நாம் உண்மையில் நடந்த அல்லது ஓடிய பாதையைத் தொலைபேசி தானே பதிந்து வைப்பது. வரைபடத்தில் இல்லாத ஒழுங்கையையும் வயல் வரம்பையும் பதிவதற்குத் தடமே உதவும்.

கூகிள் மப்பில் புள்ளிகளைப் பட்டியல்களாகச் சேமிப்பது இலகு. தடத்தைப் பதிந்து கோப்பாக எடுப்பதற்கு ஓஎஸ்எம்அண்ட், ஓர்கானிக் மப்ஸ் போன்றவை வசதியானவை. அவை தரும் கோப்பு பெரும்பாலும் ஜி.பி.எக்ஸ் அல்லது கே.எம்.எல் வகையில் இருக்கும். இவ்வகைக் கோப்பை ஒரு செயலியிலிருந்து எடுத்து இன்னொன்றில் திறக்கலாம் என்பதை மனதில் வைத்திருங்கள். பின்னர் அது உதவும்.

வடக்கே: வலிகாமத்து வளவுகள்

காங்கேசன்துறை வீதியால் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று போகிறோம். செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் நிற்கின்றன. தெல்லிப்பழையைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. 1990 ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அப்பகுதியின் பெரும்பங்கு பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. யுத்தம் 2009 இல் முடிந்த பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகமும் அதை அண்டிய காணிகளும் 2017 ஜூலையில், 27 வருடங்களின் பின், மக்களிடம் வந்தன. வசாவிளானுக்கும் பலாலிக்கும் இடையிலான வீதி 2025 ஏப்ரலில் நிபந்தனைகளுடன் திறக்கப்பட்டது. விடுபடாத காணிகள் இன்னும் உள்ளன.

இந்தப் பகுதிகளுக்கு நாம் சென்ற நாட்களில் பெண்கள் கையில் கொண்டு வந்தது உறுதியின் போட்டோப் பிரதி. எமது உறுதிகளில் காணிக்கு ஒரு பெயர் இருக்கும். இத்தனை பரப்பு என்று இருக்கும். நாற்றிசை எல்லைகளும் அயற்காணிக்காரரின் பெயர்களால் சொல்லப்பட்டிருக்கும். கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த அயலவர் இப்போது கனடாவிலோ இந்தியாவிலோ இருக்கலாம். பலர் உயிரோடும் இல்லை. எல்லைகளைச் சொன்ன வேலியும் இல்லை.

ஒரு நாள் எண்பது வயது கடந்த ஓர் அம்மா மகளுடன் வந்திருந்தார். வீடு இருந்த இடத்தில் இடிந்த கல்லும் பற்றையும்தான். அம்மா மெதுவாக நடந்து, தூர்ந்துபோன ஒரு கிணற்றைக் கண்டுபிடித்தார். துலா கட்டிய ஆடுகாலின் அடியைக் கையால் தடவிப் பார்த்து, "இதுதான் எங்கடை பங்குக் கிணறு" என்றார். பிறகு அங்கிருந்து காலடிகளை எண்ணி நடந்து, "இது குசினி, இது முன் விறாந்தை, இதாலைதான் ஒழுங்கை வரும்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் அந்த இடங்களில் நின்று தொலைபேசியில் புள்ளிகளைக் குறித்தார். அடுத்த வருடம் அம்மா காலமாகிவிட்டார். அந்தக் காணி மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. உறுதி அவருடைய பெயரில் இருந்தாலும், காணி எங்கே என்ற அறிவு தாயின் கால்களில்தான் இருந்தது. அன்று குறித்த புள்ளிகள் இல்லாவிட்டால் அந்த அறிவு தாயோடே போயிருக்கும்.

எமது பகுதியில் சீதனக் காணி பெண்ணுக்குரியது. எனவே இந்த வேலையையும் பெண்களே முன்னின்று செய்வது பொருத்தமானது. ஓர் இடத்தைக் குறிக்கும்போது "எனது இடம் 1" என்று செயலி வைக்கும் பெயரோடு விட்டுவிடாதீர்கள். உறுதியிலுள்ள காணிப் பெயரை எழுதுங்கள். குறிப்புப் பகுதியில் உறுதி இலக்கம், யார் காட்டித் தந்தது, எந்தத் திகதியில் குறித்தது என்பவற்றையும் சேருங்கள். "சித்தி காட்டியது, கிணற்றடியில் நின்று குறித்தது" என்ற ஒரு வரி, பத்து வருடங்களின் பின் உங்கள் பிள்ளைக்குப் பெரிய உதவியாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். திறந்த வானத்தின் கீழ்க்கூட சாதாரண கைத்தொலைபேசி சுமார் ஐந்து மீட்டர் பிழை விடும். மரத்துக்குக் கீழும் கொங்கிறீட் கூரைக்குக் கீழும் பிழை இன்னும் கூடும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்கிட்டால், இரண்டு பரப்புக் காணி ஏறத்தாழ 500 சதுர மீட்டர். அது சதுரமான காணி என்றால் ஒரு பக்கம் 22 மீட்டர் வரும். இருபத்திரண்டு மீட்டரில் ஐந்து மீட்டர் பிழை என்பது சிறிய விடயமல்ல. ஆகவே தொலைபேசிப் புள்ளியை வைத்துக்கொண்டு அயலவருடன் எல்லைச் சண்டைக்குப் போகக் கூடாது. எல்லையை நிர்ணயிப்பது அனுமதி பெற்ற நில அளவையாளரின் வேலை. அவரைக் கொண்டுபோய் இடத்தில் விடுவதும், கிணறும் ஒழுங்கையும் எங்கே இருந்தன என்று அவருக்குக் காட்டுவதும்தான் எமது புள்ளியின் வேலை.

அங்கிருந்து கீரிமலை கிட்டத்தான். நகுலேஸ்வரத்தைக் கும்பிட்டு, கேணியில் கால் நனைத்து, கடற்காற்றில் சற்று இருந்துவிட்டுத் திரும்பலாம். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்யப் பலரும் வரும் இடம் அது. எந்த இடத்தை எந்தப் பட்டியலில் வைப்பது என்று கேட்டால், கீரிமலையைக் காணிப் பட்டியலில் சேர்க்காமல் "கோயில்களும் நினைவிடங்களும்" என்று தனிப் பட்டியலில் வைப்பேன்.

கிழக்கே: ஏ9 வீதியும் முகமாலையும்

இரண்டாவது பாதை ஏ9. இந்த வீதியின் ஒவ்வொரு பெயரும் எம்மில் பலருக்கு ஒரு நினைவு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் தாண்டித் தென்மராட்சிக்குப் போனோம். அங்கிருந்து பலர் கிளாலிக்குச் சென்று, கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்து வன்னிக்குப் போயினர். அந்த நீரேரியில் உயிரிழந்தவர்களும் உண்டு. போர்நிறுத்தத்தின் பின் 2002 இல் திறந்த ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. 2009 இன் பின்னரே மீண்டும் திறந்தது. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் முன்பு பாதைப்படகு ஓடிய இடத்தில் 2011 ஜனவரியில் பாலம் திறக்கப்பட்டதும், பூநகரி வழியாக மன்னாருக்குப் போகும் பாதையும் கிடைத்தது.

இடம்பெயர்ந்து போன இந்த வழியை வரைபடத்தில் வரிசையாகக் குறித்து வைப்பதைச் சில குடும்பங்கள் விரும்புகின்றன. எங்கே தங்கினோம், எங்கே பிரிந்தோம், எங்கே கடைசியாகக் கண்டோம் என்று. இது ஒரு பாரமான வேலை. மனம் இடம் கொடுத்தால் மட்டும், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். காணாமற் போனோரின் உறவுகளுக்கு, நாளும் இடமும் சேர்ந்த ஒரு குறிப்பு விசாரணைகளின்போது தெளிவாகப் பேச உதவும். ஒவ்வொரு புள்ளிக்கும் நாளை எழுதுங்கள். நாள் உறுதியாகத் தெரியாவிட்டால் "மழைக்காலம், தங்கச்சி பிறந்த மாதம்" என்று தெரிந்த விதத்தில் எழுதுங்கள். ஊகித்துத் திகதி போட வேண்டாம்.

எழுதுமட்டுவாளைத் தாண்டினால் முகமாலை. முன்னரங்காக இருந்த இந்த நிலம் இலங்கையின் மிக மோசமான கண்ணிவெடி வயல்களுள் ஒன்றாக இருந்தது. 2002 முதல் இலங்கையில் பணிபுரியும் ஹலோ டிரஸ்ட் நிறுவனத்தின் அணிகள் இங்கே நீண்ட காலம் வேலை செய்தன. அந்த அணிகளில் பெண்கள் கணிசமாக இருந்தனர். கணவரை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் எமது சகோதரிகளே வெயிலில் முழங்காலிட்டு, நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கினர். இடங்களைப் பதிந்து ஒழுங்குபடுத்துவது எப்படி என்பதை மிதிவெடி அகற்றும் தொழிலிடமிருந்தே நாம் கற்கலாம்.

அவர்கள் வெடி இருக்கும் நிலத்துக்குள் ஒரு புள்ளியைப் போட்டுவிட்டு நின்றுவிடுவதில்லை. முதலில் தூரத்திலிருந்தே தெரியும் ஒரு நிலையான அடையாளத்தைப் பதிகிறார்கள்: சந்தி, மதகு, பாலம் போன்றது. பிறகு ஆபத்தான நிலத்துக்கு வெளியே, பாதுகாப்பான இடத்தில், ஒரு மேற்கோட் புள்ளியைப் பதிகிறார்கள். அதிலிருந்து எந்தத் திசையில், எத்தனை மீட்டரில் வேலை தொடங்குகிறது என்று எழுதுகிறார்கள். எல்லை திரும்பும் ஒவ்வொரு மூலைக்கும் ஓர் இலக்கம். எல்லாவற்றுக்கும் ஜி.பி.எஸ் எண்கள். இவை உலகின் பல நாடுகளிலும் பயன்படும் மிதிவெடித் தகவல் முகாமைத்துவத் தொகுதியில் சேர்க்கப்படுகின்றன. இன்று வேலை செய்தவர் நாளை வராவிட்டாலும், புதிதாக வருபவர் அந்த எண்களைப் பார்த்து அதே மூலையில் வந்து நிற்க முடியும்.

இந்த முறையை எமது வளவுக்கும் பயன்படுத்தலாம். கிணற்றைக் குறித்தால், அதற்கு அருகே அசையாத இன்னொன்றையும் குறியுங்கள். வீதி மதகு, கோயில் மணிக்கூட்டுக் கோபுரம், பாடசாலை வாசல் என்று ஏதாவது ஒன்று. "மதகிலிருந்து கிழக்கே 140 அடி நடந்தால் கிணறு" என்று குறிப்பில் எழுதுங்கள். தொலைபேசியின் பிழையைக் காலடிக் கணக்கு திருத்தும். காலடிக் கணக்கின் பிழையைத் தொலைபேசி திருத்தும்.

வரைபடத்தில் ஓர் ஒழுங்கை தெரிகிறது என்பதால் அது பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள். சிவப்பு நிறக் கட்டை, மண்டையோட்டுப் பலகை, பாவனையற்ற பற்றைக் காணி என்பவற்றைக் கண்டால் உள்ளே போகாமல், சென்ற வழியாலேயே திரும்புங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், பாதுகாப்பாக விலகிய பின் இடத்தைக் குறித்து, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். விறகு பொறுக்கவும் மாடு கட்டவும் போகும் சகோதரிகள் இதனைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வடமராட்சிக் கரை

மூன்றாவது பாதை கடலோரம். பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்கினால் மணற்காடு வரும். வீடளவு உயரமான மணற்குன்றுகளுக்கு நடுவே பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் பாதி புதைந்து நிற்கின்றன. காற்று மணலை இடம் மாற்றுகிறது. அதற்கும் அப்பால் வடமராட்சி கிழக்குக் கரையை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி அள்ளிச் சென்றது. யுத்தத்தால் ஒரு முறையும் கடலால் ஒரு முறையும் ஊர் அழிந்த பெண்கள் இக்கரையில் இருக்கிறார்கள்.

கடற்றொழிலாளர் குடும்பங்களுக்கு ஜி.பி.எஸ் புதிதல்ல. முன்னைய தலைமுறை கரையிலுள்ள கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் வெளிச்சவீட்டையும் ஒன்றோடொன்று நேர்பார்த்து கடலில் தன் இடத்தை அறிந்தது. இப்போது படகில் சிறிய ஜி.பி.எஸ் கருவி இருக்கிறது. மீன் படும் பார், வலை விட்ட இடம், துறைக்குத் திரும்பும் வழி எல்லாம் அதில் எண்களாக உள்ளன. 1974, 1976 ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட இந்திய இலங்கைக் கடல் எல்லையை அறியவும் அது தேவை. ஆனால் அந்த எண்கள் பெரும்பாலும் கணவரின் கருவியில் மட்டும், "12", "13" என்ற இலக்கங்களாக மட்டுமே இருக்கின்றன. எது பார், எது திரும்பும் வழி என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கு ஏதும் நேர்ந்தால், பல வருட உழைப்பில் அறிந்த தொழில் அறிவும் போய்விடும். கருவியிலுள்ள புள்ளிகளை ஒரு நாள் இருவருமாக இருந்து ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றும் என்னவென்று குறித்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகும் நாளில் எந்த வழியால் போகிறார், எப்போது திரும்புவார் என்பதையும் கரையிலுள்ளவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பெட்டியை ஒழுங்காக அடுக்குவோம்

சேலை அலுமாரியை அடுக்கத் தெரிந்த எமக்கு இதை அடுக்குவது சிரமமல்ல. எல்லாப் புள்ளியையும் ஒரே குவியலில் போட்டால் ஆறு மாதத்தில் எது எதுவென்று தெரியாமல் போய்விடும். நான்கு பட்டியல்கள் போதும்: காணியும் கிணறும், அலுவலகமும் வைத்தியசாலையும், உறவினரும் நினைவிடங்களும், தொழில். செயலி அனுமதித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். பெயரை எப்போதும் ஊரில் தொடங்குங்கள்: "மயிலிட்டி, பங்குக் கிணறு", "பளை, பிரதேச செயலகம்" என்று. ஊர்ப்பெயர் முன்னால் நின்றால் பட்டியல் தானாகவே ஊர் ஊராக வரிசைப்படும்.

மாதத்தில் ஒரு நாள் பட்டியலைத் திறந்து பாருங்கள். இரட்டிப்பாக உள்ளதை அழியுங்கள். அலுவலகம் இடம் மாறியிருந்தால் திருத்துங்கள். காணியைப் பற்றிய புள்ளியை மட்டும், தவறு என்று எண்ணினாலும் உடனே அழிக்க வேண்டாம். "சரிபார்க்க வேண்டும்" என்று குறித்து, மூத்தவர் ஒருவரிடம் கேட்ட பின் முடிவெடுங்கள்.

எம்மில் பலருக்குத் தொலைபேசியைக் கடைக்காரத் தம்பியோ மகனோதான் இயக்கித் தந்திருப்பார். கூகிள் கணக்கின் கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். தொலைபேசி உடைந்தால், தொலைந்தால், அல்லது மகன் வெளிநாடு போய்விட்டால் கணக்கும் போகும். அதிலிருந்த புள்ளிகளும் போகும். ஆகவே கணக்கின் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் நீங்களே தெரிந்து வைத்திருங்கள். ஓர்கானிக் மப்ஸ் போன்ற செயலிகளில் புள்ளிகள் தொலைபேசிக்குள்ளேயே இருக்கும். அவற்றைக் கோப்பாக எடுத்து, நம்பிக்கையான சகோதரிக்கு அனுப்பியோ மெமரி அட்டையில் போட்டோ வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமான பத்துப் புள்ளிகளின் எண்களையும் பெயர்களையும் ஒரு கொப்பியில் பேனையால் எழுதி, உறுதியுடன் சேர்த்து வைத்திருங்கள். கொப்பிக்கு சார்ஜ் தேவையில்லை.

யார் பார்க்கிறார்கள்?

எம்மைப் போன்ற பெண்களுக்கு, நாம் எங்கே இருக்கிறோம் என்பது பிறருக்குத் தெரிவது சில வேளைகளில் ஆபத்தானது. தனியாக வாழும் பெண்கள், வன்முறை காரணமாக வீட்டை விட்டு விலகியிருப்பவர்கள், வழக்குகளில் சாட்சியாக உள்ளவர்கள் விசேடமாகக் கவனிக்க வேண்டும். கூகிள் பட்டியல்களைத் தனிப்பட்டதாகவே வைத்திருங்கள். இணைப்பு மூலம் பகிர்ந்த பட்டியலை, அந்த இணைப்பு கிடைத்த எவரும் திறக்கலாம். நேரடி இருப்பிடத்தைப் பகிரும் வசதி வட்ஸ்அப்பிலும் உண்டு, கூகிள் மப்பிலும் உண்டு. யாருக்குப் பகிர்ந்திருக்கிறோம் என்று இடைக்கிடை பாருங்கள். நாம் போன இடங்களைத் தொலைபேசி தானே பதியும் டைம்லைன் என்னும் வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள். தேவையில்லை என்றால் நிறுத்தலாம், பதிந்ததை அழிக்கலாம். பாதுகாப்பு இல்லங்களையோ பிறருடைய வீடுகளையோ பொது வரைபடத்தில் சேர்க்காதீர்கள். படைமுகாம்களுக்கு அருகே படம் எடுப்பதையும் குறி போடுவதையும் தவிருங்கள்.

இந்த மாதம் முடிவதற்குள், உங்கள் குடும்பத்தில் மூத்த பெண் ஒருவரை, அம்மாவையோ அம்மம்மாவையோ பெரியம்மாவையோ, ஒரு நாள் ஊர்ப்பக்கம் அழைத்துச் செல்லுங்கள். வெயில் ஏற முன் போங்கள். குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காட்டும் இடங்களில் ஒரு நிமிடம் அசையாமல் நின்று, நீலப் புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் சுருங்கிய பின் குறியுங்கள். கிணறு, படலை இருந்த இடம், ஒழுங்கை முகப்பு, அசையாத ஓர் அடையாளம், குலதெய்வக் கோயில் என்று ஐந்து புள்ளிகள் போதும். அவர் சொல்லும் பெயரையே, அவர் சொல்லும் விதத்திலேயே எழுதுங்கள். நடக்க முடியாதவராக இருந்தால், வீட்டிலிருந்தபடியே செய்மதிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். கண் மங்கியவர்கள்கூட, "கோயிலிலை இருந்து சொல்லு, நான் கொண்டுபோறன்" என்று வழி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.